நீல நூலும் கறுப்பு நூலும்

அக்டோபர் 4

கோயம்புத்தூரிலிருந்து ஜபருல்லா வந்துபோனார். மரம் வெட்டுகிறவர்களுக்கு வேண்டிய ரம்பம், கயிறு, பெல்ட், ஹெல்மெட் அனைத்தையும் விற்பவர். பேச்சை மட்டும் இலவசமாகக் கொடுப்பார், அதுவும் அளவில்லாமல்.

இம்முறை ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்றைச் சுருளாகக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"ஆள் ஏறுறதுக்குன்னே தனியா வர்றதும்மா. எங்கிருந்து பார்த்தாலும் பளிச்சுன்னு தெரியும். கட்டை இறக்குற வெள்ளைக் கயிறோட கலந்துடாது பாருங்க."

"என் ஷெட்ல எதுவும் கலக்காது பாய். கலர் கலரா கயிறெல்லாம் சர்க்கஸ்காரங்களுக்குக் கொண்டுபோய்க் குடுங்க."

அடுத்து, உள்ளே மைக் வைத்த ஹெல்மெட். மரத்தின் மேல் இருப்பவனும் கீழே நிற்பவரும் போனில் பேசுவதுபோலப் பேசிக்கொள்ளலாமாம். எனக்குத் தொண்டை இருக்கிறது என்றேன். "அது கோயம்புத்தூர் வரைக்கும் கேக்குமேம்மா," என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவதாக, சத்தம் போடாத பேட்டரி ரம்பம். கோத்தகிரிக் குளிரில் மனிதர்களே ஒழுங்காக வேலை செய்வதில்லை, பேட்டரியா செய்யப்போகிறது? பெட்ரோல் ரம்பம் ஒன்றும், என்னிடம் மரம் ஏறும் இருதயராஜுக்காக உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற இடுப்பு வார் ஒன்றும் வாங்கினேன். அந்த வாரை மரத்தைச் சுற்றிப் போட்டு இருபுறமும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டால், கயிறே இல்லாவிட்டாலும் மரத்தோடு ஒட்டி நிற்கலாம்.

"இதையாச்சும் வாங்கினீங்களே," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜன்னல் கம்பிகளில் ஒன்று நடுவில் வளைந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். குரங்குகளின் வேலையாக இருக்கவேண்டும்.

அக்டோபர் 6

எஸ்டேட் மேலாளர் தேவய்யா ஆளனுப்பினார். தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் காப்பகத்தின் பின்னால் ஒரு கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நிற்கிறது. பனையைப்போல இரு மடங்கு உயரம். அடியை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. காப்பகத்தின் தகரக் கூரைமேல் கிளைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியே சாய்த்தால் கூரை போய்விடும். ஆகவே ஆள் ஏறி, மேலிருந்து துண்டுதுண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்கவேண்டும். அனுமதி வந்துவிட்டது. பெருமழைக்கு முன் முடிக்கவேண்டும்.

எங்கள் பெயர்ப்பலகையில் 'விருட்சம் மர சிகிச்சை' என்று இருக்கும். பெயர் என் கணவர் வைத்தது. பிறகு அவர் இறந்துவிட்டார். பலகையை மாற்ற எனக்குச் சோம்பல். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது தாவர நோயியல். மரங்களுக்கு என்னென்ன நோய் வரும் என்று பொன்பதக்கம் வாங்கும் அளவுக்குக் கற்று, கடைசியில் அவற்றை வெட்டிப் பிழைக்கிறேன். ஊரில் 'மர டாக்டரம்மா' என்கிறார்கள். நோயாளி பிழைப்பதில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

என்னிடம் நிரந்தரமாக இருப்பவர்கள் இருவர். இருதயராஜ் மரம் ஏறுவான். மாதி, பக்கத்து ஹட்டிக் கிராமத்தைச் சேர்ந்த படுகர் பெண், நாற்பது வயதுக்காரி, கீழே நின்று கயிறுகளைக் கையாள்வாள். மற்றவர்கள் அன்றன்றைக்குக் கூலிக்கு வருகிறவர்கள்.

மூவரும் மரத்தடியில் நின்று மேலே பார்த்தோம். பாதி உயரத்தில் தண்டு ஒருபக்கமாக வளைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினேன். அங்கே உள்ளழுகல் இருக்கலாம். வளைவுக்கு மேலே கயிற்றை மாட்டக்கூடாது என்றேன்.

"எந்த இடத்துலம்மா?" என்றான் இருதயராஜ். "எனக்குக் கொடிக்கம்பம் மாதிரி நேராத்தான் தெரியுது."

"பாக்கத் தெரிஞ்சாத்தானே தெரியும்."

மாதி கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "நானும் படிக்காதவதான் டாக்டரம்மா. எனக்கும் நேராத்தான் இருக்கு."

தேவய்யா தடித்த கண்ணாடி போடுபவர். அவரிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 7

செய்தித்தாள்காரர்கள் மையை மிச்சம் பிடிக்கிறார்கள். சொற்களின் நடுவில் எழுத்துகளே விழுவதில்லை.

அக்டோபர் 9

ஜீப்பின் கிளட்ச் சரியில்லை. இனி இருதயராஜே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் ஓட்டிப் பார்த்து, "கிளட்ச் நல்லாத்தானே இருக்கு?" என்றான். அவனுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மரமும் நேராக இருக்கும்.

அந்த மரத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. பயம் என்ற சொல்லை நான் எளிதில் எழுதுகிறவள் அல்லள். இருதயராஜ் எத்தனையோ மரங்கள் ஏறியிருக்கிறான். நான் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். இம்முறை மட்டும் அவன் ஏறாமல் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அந்த வளைவுதான் காரணம்.

என் அம்மா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தாள். சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவாள். இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 12

பெருமழைக்கு முன் கயிறுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது ஆண்டுதோறும் உள்ள வழக்கம். மொத்தம் ஐந்து கயிறுகள். ஐந்தும் வெள்ளை, ஒரே தடிமன், ஒன்றாக வாங்கியவை. மூன்று, ஆள் ஏறுவதற்கு. அவற்றின் முனையில் கருநீல நூல் சுற்றியிருக்கும். இரண்டு, கட்டை இறக்குவதற்கு. அவற்றுக்குக் கறுப்பு நூல். ஆள் கயிறு கட்டைக் கயிறாகத் தாழலாம்; கட்டைக் கயிறு ஒருநாளும் ஆள் கயிறாக உயராது.

சென்ற ஆண்டு ஆள் கயிறு ஒன்று அப்படித்தான் தாழ்ந்தது. அவசரத்துக்கு அதில் ஒரு பெரிய கட்டையைக் கட்டினார்கள். கட்டை நழுவி, ஒரே உதறலில் கயிற்றில் வந்து தொங்கிற்று. கயிற்றின் மேல் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அப்படி உதறல் வாங்கிய கயிற்றின் உள்நார்கள் அறுந்திருக்கும். பார்த்தாலும் தெரியாது, தடவினாலும் தெரியாது. சின்னக் கொம்புகளை இறக்கப் பயன்படும். மனிதனைத் தாங்கவும் செய்யும், ஒருநாள் தாங்காமலும் போகும். அன்றே அதன் நீல நூலை வெட்டிக் கறுப்பு நூல் சுற்றினேன். அந்தக் கயிறு எது என்பதற்கு அந்த நூலைத் தவிர உலகில் வேறு சாட்சி இல்லை.

அலசும்போது நூல் தளர்ந்துவிடும். ஆகவே உலர்ந்த பிறகு ஒவ்வொரு கயிறாக எடுத்து, பழைய நூலை வெட்டிவிட்டு அதே நிறப் புது நூலைச் சுற்றவேண்டும். இதை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது இந்த ஷெட்டின் சட்டம். நூலின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் இருதயராஜ் தன் உயிரைக் கயிற்றில் மாட்டுகிறான். அவன் ஒருமுறைகூட என்னைக் கேள்வி கேட்டதில்லை.

"நான் வேணா புடிக்கட்டுமா?" என்று மாதி வந்தாள். அனுப்பிவிட்டேன்.

ஷெட்டில் வெளிச்சம் போதவில்லை. பல்பு பழசு. நூல் கம்பெனிக்காரனும் இப்போதெல்லாம் நீலத்தைக் கறுப்பாகவே சாயம் தோய்க்கிறான்; இரண்டு கண்டுகளையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டியிருந்தது. ஆனாலும் முடித்து, ஒவ்வொன்றையும் அதனதன் பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 15

தேநீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். யாரோ டம்ளரை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

மாதி மேசையைத் துடைத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "குன்னூர் கண்ணாஸ்பத்திரில நம்ம ஊருக்காரப் பொண்ணு நர்ஸா இருக்கு. ஒரு தடவ போய்க் காட்டிட்டு வரலாமா?"

"உனக்குக் கண்ணுல என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குப் போகணும்?"

அவள் துணியைப் பிழிந்துகொண்டு வெளியே போனாள். மழை பிடித்துவிட்டது; மலைப்பாதையில் இப்போது யாரும் போகமாட்டார்கள்.

அக்டோபர் 20

தீபாவளி. இருதயராஜின் மனைவி பிலோமினா வீட்டில் செய்த கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள். நன்றாகவே இருந்தது, சொல்லவில்லை. போகும்போது, "அவரு ஏறுற மரம் ரொம்ப ஒசரமாம்மா?" என்று கேட்டாள். இதுவரை அவள் கேட்டதில்லை. உயரத்தில் என்ன இருக்கிறது, கயிறு சரியாக இருந்தால் போதும் என்றேன். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் பயப்படாம இருக்கேன்," என்றாள்.

இரவு சரியாகத் தூங்கவில்லை. பட்டாசுச் சத்தம்.

அக்டோபர் 23

நேற்றுக் காற்று. கற்பூர மரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து காப்பகத்தின் வாசலில் விழுந்தது. குழந்தைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். தேவய்யா போனில் கத்தினார். பயந்த மனிதர்கள் கத்துவார்கள். தேயிலைப் பறிப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமை, காப்பகம் காலியாக இருக்கும்போது ஏறுவதென்று முடிவாயிற்று. 26ஆம் தேதி.

அக்டோபர் 25

அந்த வளைவைப் பற்றி இருதயராஜும் மாதியும் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்கிறார்கள். ஆகையால் பக்கத்து வீட்டில் சுவர் எழுப்பும் கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கிவந்தேன். நூலில் கட்டித் தொங்கவிட்ட இரும்புக் குண்டு. அது தொங்கும் கோடு நேர்க்கோடு. அதில் வாதத்துக்கு இடமில்லை. நாளை அதை மரத்துக்கு எதிரே பிடித்து, தண்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுவதாக எண்ணம்.

ஒத்திகையாக என் அறை வாசலில் ஒரு ஆணியில் மாட்டினேன். குண்டு ஆடி அடங்கியது.

நூல் நடுவில் வளைந்திருந்தது.

முறுக்கு விழுந்த நூல் என்று நினைத்து, நனைத்து மறுபடி தொங்கவிட்டேன். வேறு நூலில் கட்டினேன். துணி தைக்கும் நூலில் கட்டினேன். எல்லா நூல்களும் ஒரே இடத்தில், நான் பார்க்கும் இடத்தில், வளைந்தன. நான் பார்வையைக் கீழே நகர்த்தினால் வளைவும் கீழே நகர்ந்தது.

இரும்புக் குண்டு தொங்கும் நூல் பூமியின் ஈர்ப்பை எதிர்த்து வளையாது. இதை அறிய நோயியல் பட்டம் தேவையில்லை.

இன்று இதற்குமேல் எழுதப்போவதில்லை.

அக்டோபர் 26

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பட்டையாக எழுதும் ஸ்கெட்ச் பேனா ஒன்று கிடைத்தது.

காலையில் ஜீப்பில் போகும்போதே இருதயராஜிடம், "அந்த வளைவ மறந்துடு. நான் தப்பாப் பாத்துட்டேன்," என்றேன். அவன் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டான். நான் தவறு என்ற சொல்லை என்னைப் பற்றிப் பயன்படுத்தி அவன் கேட்டதில்லை. தூக்குக்குண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. மரம் நேராக இருக்கிறது, ஆகவே ஆபத்து நீங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படிப்பட்ட வாதத்தை ஒரு மாணவன் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

மழை இல்லை, மூடுபனி விலகியிருந்தது. காப்பகம் பூட்டியிருந்தது. தேவய்யா, கூலியாட்கள், தொழிலாளர் லயன் வீடுகளிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த சிலர், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். இருதயராஜ் பூட்ஸில் மரம் ஏறும் இரும்பு முள் மாட்டி, இடுப்பு வாரை மரத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு பையிலிருந்து கயிற்றை எடுத்தான். வழக்கம்போல முனையைப் பார்த்தான். நீலம். மாட்டிக்கொண்டு ஏறினான். மேலே கவட்டையில் கயிற்றைப் போட்டு, அதன் பிறகு வாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றில் தொங்கியபடியே கிளைக்குக் கிளை போனான். கிளைகளின் ஓரம்வரை போகவேண்டுமென்றால் அப்படித்தான் தொங்கவேண்டும். சின்னக் கொம்புகள் நாலைந்து இறங்கின. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகு கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்த பெரிய கிளை. அதை இரண்டு கயிறுகளில் கட்டி இறக்கவேண்டும். இருதயராஜ் அடிப்பக்க அறுப்பைத் தொடங்கிவிட்டான்; மாதி இரண்டாவது கட்டைக் கயிற்றைத் தேடிப் பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டினாள்.

"டாக்டரம்மா, கறுப்பு ஒண்ணுதான் இருக்கு."

"இன்னொண்ண எஸ்டேட் ஷெட்ல போட்டிருப்ப."

"அஞ்சும் இங்கதான் இருக்கு. கறுப்பு ஒண்ணு. நீலம் இங்க மூணு, மேல அவன்கிட்ட ஒண்ணு. நீலம் நாலு ஏது நமக்கு? புதுசா வாங்கினீங்களா?"

நான் புதிதாக வாங்கவில்லை.

தூக்குக்குண்டின் நூல் என் கண்முன் வந்தது. அதன் பின்னால் பழைய பல்பு, இரண்டு நூல்கண்டுகள், வாசல் வெளிச்சம். கட்டைக் கயிறு ஒன்றுக்கு நான் நீல நூல் சுற்றியிருக்கிறேன்; உதறல் வாங்கியதாகவே இருக்கலாம். நான்கில் ஒன்று அது. தரையில் கிடந்த மூன்றையும் எடுத்துத் தடவிப் பார்த்தேன். தடவினால் தெரியாது என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

"இருதயராஜ்!"

பெட்ரோல் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் வரை கேட்கும் என்று புகழப்பட்ட என் குரல் அந்த மரத்தின் பாதிவரைகூடப் போகவில்லை. மாதி விசிலடித்தாள். கூலியாட்கள் கைகளை வீசினார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கினான். நான் மேலே பார்த்தேன். அவன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை இருந்தது. விழுந்தால் எனக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும் என்று நினைத்தேன்.

ரம்பம் நின்றது.

"இருதயராஜ், கயித்துல தொங்காத! வாரப் போட்டு மரத்தோட நில்லு!"

"என்னம்மா?"

"கயித்த நம்பாத!"

"நூல் நீலந்தாம்மா! பாத்துத்தான் மாட்டினேன்!"

தேவய்யா என் பின்னால் வந்து நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நெருங்கி வந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு கிளைதான். அவன் சமாதானம் சொல்லிவிட்டு ரம்பத்தை மறுபடி கிளப்பியிருப்பான். காரணம் சொல்லாமல் அவனை நிறுத்த வழியில்லை.

"நூல் நீலந்தான்! கட்டினவளுக்குக் கண்ணு தெரியல!"

மேலே உலோகம் உரசும் சிறு ஒலி. "வாரப் போட்டுட்டான்," என்றாள் மாதி. "தண்டுக்கு வந்துட்டான். முள்ளக் குத்திட்டான்."

"கயிறு?"

"தளர விட்டுட்டான். தொங்கல."

"பாதி அறுத்த கொம்பு நிக்குதும்மா!" என்று மேலிருந்து கத்தினான். "காத்தடிச்சா கூரை மேல வந்துரும்!"

தேவய்யா என் கையைப் பிடித்தார். "மேடம், கூரை..."

"தகரம் கடையில கிடைக்கும்," என்றேன். மேலே கத்தினேன்: "கொம்ப விடு! எறங்கு!"

கயிற்றில் இறங்கினால் ஒரு நொடி. முள்ளைக் குத்தி, வாரைத் தளர்த்தி, ஓரடி கீழே தட்டி, மறுபடி முள்ளைக் குத்தி இறங்குவது அப்படியல்ல. நான் நேராகப் பார்த்தேன், அவன் இல்லை. பொறுக்காமல் முகத்தைத் திருப்பினேன். பக்கத்தில் நின்ற சீகை மரத்தின் மேல் பார்வை விழுந்தபோது, கண்ணின் ஓரத்தில், கற்பூர மரத்தின் வெள்ளைத் தண்டில் ஒரு சின்ன உருவம் அசைவது தெரிந்தது. திரும்பினேன்; போய்விட்டது. சீகை மரத்தைப் பார்த்தேன், வந்தது. ஆகவே அவன் இறங்கி முடிக்கும்வரை அந்தச் சீகை மரத்தையே வெறித்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

தரையில் கால் வைத்ததும் அவன் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எத்தன நாளாம்மா?"

"ஜன்னல் கம்பி வளைஞ்சதுலேர்ந்து."

அவனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். நூலையும் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு எழுந்து பெல்ட்டை அவிழ்த்து என் காலடியில் போட்டான்.

"பிலோமினாகிட்ட நான் என்னம்மா சொல்வேன்?"

தூறல் தொடங்கியிருந்தது; அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது காற்று வந்தது; பாதி அறுத்த கிளை கூரையைப் பிளந்துகொண்டு காப்பகத்துக்குள் விழுந்தது. தொட்டில் கட்டும் குழாய் வளைந்துவிட்டது என்று மாதி சொன்னாள். நான் பார்க்கவில்லை என்று எழுதத் தேவையில்லை.

அக்டோபர் 27

ஐந்து கயிறுகளையும் மரத்துண்டின் மேல் வைத்துக் கோடரியால் வெட்டினேன்.

"அதுல மூணு நல்ல கயிறாச்சே!" என்று மாதி பதறினாள்.

"எந்த மூணு?"

கோடரியை என்னிடமிருந்து வாங்கி, மீதியை அவளே வெட்டினாள். நான் வெட்டினால் காலை வெட்டிக்கொள்வேன் என்று காரணம் சொன்னாள்.

அக்டோபர் 30

குன்னூர். மாதியின் ஊர்க்காரப் பெண் வரிசையில் என்னை முன்னால் தள்ளினாள். டாக்டர் சின்னப் பையன். எனக்குக் காதும் கேட்காது என்று முடிவுசெய்து உரக்கப் பேசினார். விழித்திரையின் நடுப்பகுதி இரண்டு கண்களிலும் தேய்கிறதாம். ஒரு கண்ணுக்கு ஊசி போட்டால் இருப்பதைக் காக்கலாம்; போனது வராது. அம்மாவுக்கும் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். முன்பே வந்திருக்கலாமே என்றார். வந்திருக்கலாம்.

ஓரப் பார்வை கடைசிவரை இருக்கும் என்பது அவர் தந்த ஆறுதல். அதை நான் ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன்.

நவம்பர் 1

ஜபருல்லாவுக்குப் போன் செய்தேன்.

"பாய், அந்த ஆரஞ்சுக் கயிறு இருக்கா?"

"சர்க்கஸ் ஆரம்பிச்சிட்டீங்களாம்மா?"

"ஆமா. கோமாளி வேஷம் எனக்கு. மைக் வச்ச ஹெல்மெட்டும் அனுப்புங்க. பேட்டரி ரம்பமும். கட்டை இறக்குறதுக்கு ரெண்டு மடங்கு தடிமனா, கறுப்பா ஒரு கயிறு. கையில எடுத்தாலே தெரியணும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பேச்சை அளந்து கொடுக்கத் தெரிந்த மனிதர்தான் போலிருக்கிறது.

நவம்பர் 5

காப்பகத்தின் கூரையைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள். குழந்தைகள் பண்டகசாலையில் இருக்கிறார்கள். மரம் இன்னும் நிற்கிறது. வேறு ஆட்களைக் கூப்பிட தேவய்யா முயன்றார். மழைக்காலத்தில் அந்த மரத்தில் ஏற யாரும் வரவில்லை.

மாலையில் இருதயராஜ் வந்தான். பிலோமினாவும் வந்தாள். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை.

"நான் ஏறுறேன்," என்றான். "ஆனா இனிமே என் கயிறு என் வீட்டுல இருக்கும். நான்தான் கழுவுவேன். நான்தான் பாப்பேன். நீங்க தொடக்கூடாது."

"சரி."

பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. அவள் முகம் இருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நீங்க இருக்கீங்கன்னு நான் பயப்படாம இருந்தேன்," என்றாள்.

"இனிமே பயப்படு. அதுதான் சரி."

அவர்கள் போனபிறகு புது ஆரஞ்சுக் கயிறு வைத்திருந்த மேசையைத் தடவினேன். அதை அவன் எடுத்துப் போயிருந்தான்.

நவம்பர் 9

மரத்தை முடித்தோம்.

பேட்டரி ரம்பம் தையல் மெஷின்போல முனகியது. ஹெல்மெட்டின் காதுப்பகுதியில் இருதயராஜின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் தரையில் இருக்கும்போது நான் அவன் மூச்சைக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் என்னுடையதும் நின்றது. அவன் ஏதோ அளவு பார்த்திருப்பான், மறுபடி கேட்கும். இதை வாங்கச் சொன்ன ஜபருல்லாவைத் திட்டினேன். வாங்காமல் இருந்த என்னையும் திட்டினேன்.

மாதி கயிற்றை இரும்பு உருளையில் சுற்றி விட்டுக்கொண்டே, எதிரே நின்ற என்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது.

"அம்மா," என்று காதுக்குள் குரல் வந்தது. "எங்க பாக்கறீங்க? நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

"எனக்குத் தெரியும். வேலையப் பாரு."

சீகை மரத்தின் பட்டையில் பூஞ்சை பிடித்திருக்கக்கூடும். அதை ஆராய்கிற பாவனையில் நின்றேன். கண்ணின் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக, கொஞ்சமும் வளையாமல், தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் அவன் இருந்தான். அவன் கால் தரையில் படும்வரை நான் அவனை ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை.